அம்மா தனியாகத்தான் இருப்பேன் என்கிறார்: பினாங்கில் அரசாங்க உதவி என்னென்ன கிடைக்கும்?

கலா_செந்தூல்
செவ்வாய், இரவு 10:42

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 76 வயது. ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடியில், ஒன்பதாவது மாடியில் இருக்கிறார். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது, அன்றிலிருந்து தனியாகத்தான். நான் கோலாலம்பூர் செந்தூலில். தம்பி ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன்.

மூன்று வாரத்துக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். கைப்பேசி ஹாலில். இரண்டு மணி நேரம் ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார், ஆனால் கிரில் உள்பக்கம் பூட்டியிருந்தது. கீழே இருந்த காவலாளி வந்து பூட்டை அறுத்துத்தான் உள்ளே போனார்கள். நல்ல வேளை எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு வீக்கம், இடுப்பில் கன்றிப்போன தழும்பு, அவ்வளவுதான்.

தம்பி முதியோர் இல்லம் பார்க்கலாம் என்கிறான். அம்மாவிடம் சொன்னதற்கு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. "நான் என் வீட்டில்தான் இருப்பேன்" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

என் கேள்வி இதுதான். தனியாக வீட்டில் இருக்கும் முதியவருக்கு அரசாங்கம் ஏதாவது செய்கிறதா? பணம்தான் வேண்டும் என்பதில்லை. யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்களா, கிளினிக்குக் கூட்டிப் போவார்களா? அப்படி ஏதாவது இருந்தால் எங்கே போய்க் கேட்பது?

ராஜா_காஜாங்
செவ்வாய், இரவு 11:05

உங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிடுங்கள், பிரச்சினை முடிந்தது. அரசாங்கத்தை நம்பினால் பாரம் நிரப்பியே வயதாகிவிடும்.

கலா_செந்தூல்
செவ்வாய், இரவு 11:20

அண்ணா, அதையும் செய்து பார்த்தாயிற்று. போன வருடம் ஒரு மாதம் இங்கே இருந்தார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போனால் வீடு திரும்ப ஏழு மணி. பகல் முழுக்கச் சன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அங்கே என்றால் காலையில் பாசார் (சந்தை), வெள்ளிக்கிழமை கோயில், மாலையில் அந்த ஆன்ட்டியோடு ஹொக்கியனும் பாசார் மலாயும் கலந்து அரட்டை. இங்கே பேச ஆள் இல்லை. நாலாவது வாரம் தானே பையை எடுத்து வைத்துவிட்டு, "ரயில் டிக்கெட் எடுத்துக் கொடு" என்றார்.

ஓய்வு_மிஸி
புதன், காலை 6:15

கலா, நான் கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில், முப்பது வருடத்துக்கு மேல் மிஸியாக (தாதியாக) இருந்து ஓய்வு பெற்றவள். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறேன். உதவித் திட்டங்களுக்கு அப்புறம் வருவோம். முதலில் அம்மா ஏன் விழுந்தார் என்று யாராவது பார்த்தார்களா? "வழுக்கிவிட்டது" என்று சொன்னதோடு விட்டுவிட்டீர்களா?

வழுக்கியது என்று வருகிறவர்களில் பல பேர் உண்மையில் தலைசுற்றி விழுந்தவர்கள். ரத்த அழுத்த மாத்திரை, நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழும்போது அழுத்தம் இறங்கிவிடும். படுத்த நிலையில் ஒருமுறை, எழுந்து நின்றதும் ஒருமுறை அளந்து பார்த்தால் தெரியும். இனிப்புநீர் மாத்திரை போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் சர்க்கரை இறங்குவது இன்னொன்று. கண்ணில் புரை இருந்தால் ஈரத் தரையும் காய்ந்த தரையும் ஒன்றாகத்தான் தெரியும். தூக்க மாத்திரை போடுகிறாரா என்றும் கேளுங்கள். நம் அம்மாக்கள் பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள், நம்மிடம் சொல்லமாட்டார்கள்.

அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டுக் கிளினிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நாட்டு மருந்தையும் சேர்த்து. 60 வயதுக்கு மேல் வெளிநோயாளியாகப் போனால் பதிவுக் கட்டணம் கிடையாது. முதியோருக்கென்று தனியாக ஓர் உடல்நலப் பரிசோதனைப் பாரமே இருக்கிறது, "சாரிங்கான் வார்கா எமாஸ்" என்று கேட்டால் தெரியும். நினைவாற்றல், மனச்சோர்வு, விழும் ஆபத்து எல்லாம் அதில் கேட்பார்கள். பெரிய கிளினிக்குகளில் பிசியோவும், ஜூருபூலே சாரா கெர்ஜா என்ற தொழில்வழிச் சிகிச்சையாளரும் இருப்பார்கள். குளியலறையில் கைப்பிடி எங்கே, எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று சொல்வது அந்த இரண்டாவது ஆளின் வேலை. நாமாகவே கடையில் ஒன்றை வாங்கித் துண்டு மாட்டும் கம்பி இருந்த இடத்தில் மாட்டிவிட்டு வரக்கூடாது. வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா என்பது அந்தந்தக் கிளினிக்கைப் பொறுத்தது. வராவிட்டால் குளியலறையை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. இனி எப்போதாவது அப்படி நீண்ட நேரம் தரையில் கிடந்தால், காயம் இல்லை என்றாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை நசுங்கி சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் காத்திருக்கவே கூடாது.

பிறைப்பையன்
புதன், மதியம் 12:50

மிஸி அக்கா சொன்னது முற்றிலும் சரி. என் அனுபவத்தையும் சொல்கிறேன், நல்லதும் கெட்டதும் இரண்டும் உண்டு.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பினாங்கில் ஓர் அரசாங்க மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சிறுநீர்க் குழாயோடு, முதுகில் படுக்கைப் புண்ணோடு. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வார்டு மிஸி ஒருவர்தான் "டொமிசிலியாரிக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்" என்றார். அதன் முழுப்பெயர் பெர்கிட்மாத்தான் பெராவாத்தான் டொமிசிலியாரி. பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து குழுவாக வீட்டுக்கே வந்தார்கள். புண்ணுக்குக் கட்டு, குழாய் மாற்றுவது, பிசியோ, எல்லாம் இலவசம். வருமானம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்தவர்கள் எங்கள் அம்மாவுக்கு அப்பாவைப் புரட்டிப் போடவும் கட்டு மாற்றவும் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். பொதுவாக மூன்று மாதம் வரைதான் வருவார்கள், அதற்குள் வீட்டார் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடே. வீட்டில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை.

இப்போது கெட்டது. அப்பாவுக்கு நலன் உதவிப் பணம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். முதல் முறை ஒரு பாரம், இரண்டாம் முறை "இது பழைய பாரம்", மூன்றாம் முறை என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, "மகன் வேலை செய்கிறாரே" என்றார்கள். என் சம்பளத்தில் வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள், எதையும் கேட்கவில்லை. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அந்த அதிகாரி சட்டத்தில் இருப்பதைத்தான் செய்தார் என்று இப்போது புரிகிறது, அன்றைக்குப் புரியவில்லை.

ஓய்வு_மிஸி
புதன், மதியம் 1:30

டொமிசிலியாரி படுத்த படுக்கையானவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும்தான். கலாவின் அம்மா பாசாருக்கு நடக்கிறார், அவருக்கு இப்போது அது பொருந்தாது. பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையிலிருந்து வெளியாகும் அன்று கேட்க வேண்டிய சொல் அது. வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் சுற்று அதிகம்.

வீட்டுத்துணை
புதன், இரவு 9:10

நான் ஜேகேஎம், அதாவது சமூகநலத் துறை, நடத்தும் கித்மாட் பந்து டி ரூமா (வீட்டு உதவிச் சேவை) திட்டத்தில் தன்னார்வலர். கலா கேட்டதற்கு நேரான பதில் இந்தத் திட்டம்தான். தனியாக இருக்கும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், குடும்பம் இருந்தும் பகலில் பார்க்க ஆள் இல்லாதவர்கள், இவர்கள் வீட்டுக்கு நாங்கள் போகிறோம். சம்பளம் இல்லை, சிறு படித்தொகை உண்டு.

என்ன செய்வோம் என்பதைவிட என்ன செய்யமாட்டோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் மனத்தாங்கல் வருகிறது. நாங்கள் வீட்டு வேலைக்காரர்கள் இல்லை. தினமும் வரமாட்டோம். மூன்று வேளைச் சமையல் கிடையாது. ஒரு வீட்டில் மகள் எனக்குத் துணி துவைக்கும் பட்டியலே எழுதி வைத்திருந்தார்! பேச்சுத் துணையாக இருப்போம், நகம் வெட்டுவோம், தலை வாருவோம், கொஞ்சம் நடக்க வைப்போம். கிளினிக்குக்கோ வங்கிக்கோ கூடப் போவோம், பில் கட்டுவோம், கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவோம். போகிற வீட்டில் ஏதாவது சரியில்லை என்று கண்ணில் பட்டால் அலுவலகத்துக்குச் சொல்வோம். என்னைக் கேட்டால் இந்தக் கடைசி வேலைதான் பெரியது. அரிசி டப்பா போன வாரம் இருந்த அளவிலேயே இருக்கிறது என்பதைத் தொலைபேசியில் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கேட்க வேண்டிய இடம் மாவட்ட ஜேகேஎம் அலுவலகம். ஆயர் ஈத்தாம் என்றால் தீமோர் லாவுட் மாவட்டம். பாலிக் பூலாவ், பாயான் லெப்பாஸ் என்றால் பாராட் டாயா. இடம் மாறிப்போய் நின்றால் ஒரு நாள் வீண். போக முடியாதவர்கள் 15999-க்கு அழைக்கலாம், தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசி எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். எல்லாப் பகுதியிலும் தன்னார்வலர் இருக்கிறார் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். தமிழ் பேசுகிறவர்கள் இன்னும் குறைவு. ஓய்வு பெற்ற அக்காமார் யாராவது இதைப் படித்தால், வாருங்கள்.

கிளினிக் போக வண்டிதான் பிரச்சினை என்றால் யூனிட் பெஞாயாங் வார்கா எமாஸ் என்று ஒன்று இருக்கிறது. துணையில்லாத முதியோரை வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் சேவை. அதுவும் எல்லா ஊரிலும் இல்லை, அதே அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

தாத்தா1949
வியாழன், காலை 5:40

எல்லாரும் நன்றாகத்தான் பேசுகிறீர்கள். கலாவின் அம்மா இங்கே வந்து எழுதப்போவதில்லை, அதனால் அவர் வயதுக்காரன் நான் எழுதுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் தனியாக இருக்கிறேன். ரயில்வேயில் வேலை செய்தவன், பென்ஷன் வருகிறது, ஆதலால் பண உதவி எனக்குத் தேவையில்லை, கிடைக்கவும் கிடைக்காது.

போன வருடம் நானும் விழுந்தேன். பிள்ளைகள் மூன்று பேரும் வந்தார்கள். வந்தவர்கள் அடுப்பை எடுத்துவிட்டார்கள். மோட்டார் சாவியை எடுத்துவிட்டார்கள், அது நியாயம்தான். காலையில் தனியாக நடக்கப் போகக்கூடாது என்றார்கள். ஒரு வாரத்தில் நான் வீட்டுக்குள் ஒரு நாற்காலி மாதிரி ஆகிவிட்டேன். குளியலறையில் ஒரு கைப்பிடி வைக்க மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. அதை நானே ஆள் கூப்பிட்டு வைத்தேன். பிறகு சண்டை போட்டு அடுப்பைத் திரும்ப வாங்கினேன்.

அம்மா எதைச் செய்ய முடியாமல் தவிக்கிறார் என்று கேட்டீர்களா, கலா? உங்கள் பட்டியல் உங்களுடையது. அவருடைய பட்டியல் வேறாக இருக்கும். எனக்குக் குளிப்பதில் சிரமம் இல்லை, சமைப்பதில் இல்லை. கட்டில் விரிப்பு மாற்றுவதும், பல்பு மாற்றுவதும், மைசெஜாதெரா செயலியில் கிளினிக் நேரம் பதிவதும்தான் எனக்கு மலை. கடைசிக் காரியத்தை எதிர்வீட்டுப் பள்ளிப் பையன் ஒரு தேத்தாரேக்குச் செய்து தருகிறான்.

வாரம் இருமுறை பாவேக்குப் போகிறேன். புசாட் ஆக்திவித்தி வார்கா எமாஸ் என்பதைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். 60 வயது ஆனவர்கள் யாரும் போகலாம். உடற்பயிற்சி, கேரம், கராவோக்கே. பாட்டுச் சகிக்காது, பலகாரம் நன்றாக இருக்கும். இரண்டு தடவை சேர்ந்தாற்போல் நான் போகவில்லை என்றால் போன் போட்டுக் கேட்பார்கள்.

வார்கா எமாஸ், தங்கக் குடிமகன். பெயர் வைத்தவன் வாழ்க. தங்கத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டத்தான் எல்லாருக்கும் தோன்றுகிறது.

கலா_செந்தூல்
வியாழன், காலை 7:55

ஐயா, இதைப் படித்துவிட்டு எல்ஆர்டியில் நின்றுகொண்டே அழுதேன். நாங்களும் அதைத்தான் செய்தோம். பாசாருக்குத் தனியாகப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். குளியலறையில் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.

ராஜா_காஜாங்
வியாழன், காலை 10:30

தாத்தா கோபிக்க வேண்டாம், ஆனால் நான் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2030-இல் இந்த நாட்டில் நூற்றுக்குப் பதினைந்து பேர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்று அரசாங்கமே சொல்கிறது. தன்னார்வலர் வந்து நகம் வெட்டுவது நல்ல விஷயம்தான், அதைக் குறை சொல்லவில்லை. அது ஏற்பாடு ஆகுமா? சம்பளத்துக்கு ஆள் வைத்து, முறையாகப் பயிற்சி கொடுத்து, வாரத்தில் இத்தனை மணி நேரம் என்று உறுதியாக வீட்டுக்கு வருகிற சேவை இங்கே எங்கே இருக்கிறது? இருக்கிறவன் தனியாரிடம் ஆள் வைக்கிறான், இல்லாதவனுக்கு ஜேகேஎம். நடுவில் இருக்கிற நம்மைப் போன்றவன்தான் மாட்டிக்கொள்கிறான். என் மாமியாரைப் பார்த்துக்கொள்ள என் மனைவி வேலையை விட்டாள். ஐந்து வருடச் சம்பளம், ஐந்து வருட ஈபிஎஃப் சேமநிதி போயிற்று. அந்தக் கணக்கை யார் எழுதுகிறார்கள்?

வீட்டுத்துணை
வியாழன், மதியம் 1:15

அண்ணன் சொல்வதில் தவறில்லை. நானே 63 வயதுக்காரி. நான் போய்ப் பார்க்கும் ஒரு பாட்டி என்னைவிட நாலு வயதுதான் பெரியவர்.

பிறைப்பையன்
வியாழன், மதியம் 2:00

ராஜா அண்ணா, உங்கள் மாமியார் படுக்கையில் இருந்தாரா? அப்படியானால் படுத்த படுக்கையான நோயாளியைப் பராமரிப்பவருக்கு ஜேகேஎம் மாத உதவி ஒன்று தருகிறது, வருமான வரம்பு உண்டு. நாங்கள் அதற்கும் எழுதிப் போட்டிருக்கிறோம். அண்ணி வேலையை விட்ட கணக்குக்கு அது ஈடாகாது, தெரியும்.

கணக்குப்பிள்ளை
வியாழன், இரவு 8:45

பண உதவிகளில் கொஞ்சம் குழப்பம் இருப்பதால் தெளிவாக்கிவிடுகிறேன்.

ஜேகேஎம் தரும் பந்துவான் வார்கா எமாஸ், அதாவது முதியோர் உதவித்தொகை, மாதம் 350 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்து 2021-இல் 500 ஆனது, 2025-இல் 600 ஆனது. இதற்குக் குடும்பத்தால் தாங்க முடியுமா என்று பார்ப்பார்கள். பிறைப்பையன் அங்கேதான் அடிபட்டார். எஸ்டிஆர் என்ற அரசாங்க ரொக்க உதவி அப்படியில்லை. வாழ்க்கைத் துணையில்லாத முதியவர் என்று தனிப் பிரிவு இருக்கிறது, அதில் அவருடைய சொந்த வருமானம்தான் கணக்கு, கிடைப்பது ஆண்டுக்கு 600 வெள்ளி. கலாவின் அம்மா விதவை, பெரிய வருமானம் இருக்காது என்று நினைக்கிறேன். பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள், நமக்கெல்லாம் தரமாட்டார்கள் என்று எண்ணி விண்ணப்பிக்காமலே இருக்கிற தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எஸ்டிஆர் பெயர்ப் பட்டியலில் இருந்தால் அதன் பின்னாலேயே இன்னும் சில வரும். பெக்கா பி40 ஒன்று, 2019-இல் தொடங்கியது. இலவச உடல் பரிசோதனை, அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கருவி வாங்க வேண்டியிருந்தால் 20,000 வெள்ளி வரை. பினாங்கு மாநிலத்தின் ஐ-செஜாதெரா உதவித் திட்டத்தில் முதியோருக்கு ஆண்டுக்கொரு தொகை தனியாக உண்டு, வாக்காளர் பதிவு எந்த மாநிலத்தில் என்று பாருங்கள்.

கலாவுக்கும் தம்பிக்கும்: பெற்றோரின் மருத்துவம், பராமரிப்பு ஆள் செலவுக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு. இப்படிப்பட்ட கவனிப்பு தேவை என்று மருத்துவர் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும், ரசீது வேண்டும். பார்த்துக்கொள்கிறவர் நீங்களோ உங்கள் துணையோ பிள்ளையோ என்றால் செல்லாது. ராஜா அண்ணனின் மனைவிக்கு இதிலும் ஒன்றுமில்லை, மன்னிக்கவும்.

ஓய்வு_மிஸி
வெள்ளி, காலை 6:20

பணத்தைப் பற்றி எழுதியாகிவிட்டது, நான் மாத்திரைக்கு வருகிறேன். மாதாமாதம் மருந்து வாங்க மட்டும் வரிசையில் நிற்கிறார்களே, அதற்குத் தேவையே இல்லை. தொடர் மருந்து என்றால் தபாலில் அனுப்பச் சொல்லலாம், "உபாட் மெலாலுய் போஸ்" என்று மருந்தகத்தில் பெயர் கொடுக்க வேண்டும். தபால் செலவு மட்டும் நம்முடையது. சில இடங்களில் வண்டியில் இருந்தபடியே வாங்கும் வசதியும் உண்டு. ஆனால் நடக்க முடிந்தவர் மருந்து வாங்கப் போவதே அந்த மாதத்தில் அவர் மற்றவர்களைப் பார்க்கிற ஒரே நாளாக இருந்தால், அதையும் தபாலில் போட்டுவிடாதீர்கள்.

மாடி_செயலாளர்
வெள்ளி, காலை 11:00

ஒன்பதாவது மாடி என்றதும் லிஃப்ட் ஞாபகம் வந்தது. எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் பதினோரு நாள் ஓடவில்லை. பதினாலாவது மாடியில் டயாலிசிஸ் போகிற தாத்தாவை நாலு பேர் நாற்காலியில் வைத்து இறக்கினோம். முதியோர் உதவி என்று பேசும்போது லிஃப்டை யாரும் சேர்ப்பதில்லை.

பினாங்கு மாநிலத்தில் மலிவுவிலை, நடுத்தர மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு ஒரு பராமரிப்பு நிதி இருக்கிறது, டிபிஎம்80 என்போம். லிஃப்ட், கூரை, தண்ணீர்த் தொட்டி பழுதுக்கு 80 விழுக்காடு வரை மாநில அரசு கொடுக்கும். மீதியை நிர்வாகக் குழு போட வேண்டும், பராமரிப்புக் கட்டணம் ஒழுங்காக வசூலானால்தான் அந்த மீதி கையில் இருக்கும். உங்கள் அம்மாவின் கட்டடத்தில் ஜேஎம்பி (கூட்டு நிர்வாகக் குழு) இருந்தால், ஊருக்குப் போகும்போது ஒருமுறை அவர்களைப் பாருங்கள்.

கூடவே கிரில் சாவி! இரண்டாவது சாவி ஒன்று அந்த ஆன்ட்டியிடம் இருக்கட்டும். உள்பக்கம் தொங்கு பூட்டுப் போடுவதை நிறுத்தி, வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டாக மாற்றுங்கள். எந்தத் திட்டமும் வேண்டாம், கடையில் கிடைக்கும்.

தாத்தா1949
வெள்ளி, காலை 11:25

பூட்டு மாற்றுவதை நான் ஆமோதிக்கிறேன். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அந்த அம்மாளே சொல்லட்டும்.

பிறைப்பையன்
வெள்ளி, இரவு 9:30

இன்னும் இரண்டு விஷயம். அப்பாவின் ஐசி (அடையாள அட்டை) சிப் கெட்டுப்போய், கைரேகையும் பதியாமல், வங்கியில் ஒன்றுமே செய்ய முடியவில்லை. படுக்கையில் இருப்பவரை எப்படிக் கூட்டிப் போவது? தேசியப் பதிவுத் துறையான ஜேபிஎன்னில் மெக்கார் என்று ஒரு சேவை இருக்கிறது, வீட்டுக்கே கருவியோடு வந்து ஐசி எடுத்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு அப்பா சட்டை போட்டுத் தலை வாரி, படத்துக்குச் சிரிக்க வேறு செய்தார்.

இரண்டாவது, தனியாக இருப்பவர்களுக்கு வரும் பொய் அழைப்புகள். "போலீஸ் பேசுகிறேன், உங்கள் பெயரில் வழக்கு" என்பார்கள். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழைக்க வேண்டும், மறுநாள் அழைத்துப் பயனில்லை. எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். 999, 15999, 997, உங்கள் எண், ஆன்ட்டியின் எண். ஐந்துக்கு மேல் எழுதினால் எதையும் பார்க்கமாட்டார்கள்.

கலா_செந்தூல்
திங்கள், இரவு 11:50

போய் வந்துவிட்டேன். தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

சனிக்கிழமை தாத்தா சொன்னபடி அம்மாவிடம் பட்டியல் கேட்டேன். முதலில் "எனக்கு என்ன குறை" என்றார். தோசை ஊற்றிக்கொண்டே ஒவ்வொன்றாக வந்தது. கேஸ் சிலிண்டர் மாற்ற முடியவில்லை. காலில் நகம் வெட்டக் குனிய முடியவில்லை. தண்ணீர் பில் இப்போது எங்கே வருகிறது என்று தெரியவில்லை, அப்பா இருந்தவரை அவர்தான் கட்டினார். இரவில் குளியலறை விளக்கு சுவிட்ச் வெளியே தூரத்தில் இருக்கிறது, அதனால் இருட்டிலேயே போகிறார். அன்றைக்கும் இருட்டில்தான் போயிருக்கிறார். அதிகாலை ஐந்து மணி! எங்களிடம் காலை ஏழு மணி என்று சொல்லியிருந்தார். ஏன் மறைத்தீர்கள் என்றேன். "சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள்" என்றார்.

இன்று விடுப்பு எடுத்துக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். மிஸி அக்கா, படுத்து ஒருமுறை நின்று ஒருமுறை என்று நானே கேட்டு அளக்க வைத்தேன். நின்றதும் நன்றாகவே இறங்குகிறது. ஒரு மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மருத்துவர் மாற்றியிருக்கிறார். கண்ணுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். தொழில்வழிச் சிகிச்சைக்கு அடுத்த மாதம் தேதி. குளியலறைப் படங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, கழிப்பறைப் பக்கச் சுவர் செங்கல்லா பலகையா என்று தட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள்.

ஜேகேஎம்முக்கு முதலில் தொலைபேசியில் பேசினேன். வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுச் சொல்வார்களாம். தமிழ் பேசுகிறவர் இருப்பாரா என்று கேட்டேன், பார்க்கிறோம் என்றார்கள். அம்மா பக்கத்திலிருந்து, "மலாய்க்காரப் பிள்ளை வந்தாலும் பரவாயில்லை, நகம் வெட்டத் தெரிந்தால் போதும்" என்கிறார்.

தம்பி ஜொகூரிலிருந்து வரவில்லை. பூட்டுக்கும் அசைந்தால் எரியும் விளக்குக்கும் காசு அனுப்பினான். அதற்கு மேல் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

ராஜா_காஜாங்
செவ்வாய், காலை 7:10

நல்லது, தங்கச்சி. என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. நீங்கள் விடுப்பு எடுத்தீர்கள், நீங்கள் கேட்டீர்கள், நீங்கள் அளக்க வைத்தீர்கள். கேட்க ஆள் இல்லாத பாட்டிக்கு யார் கேட்பார்கள்?

வீட்டுத்துணை
செவ்வாய், காலை 8:00

அந்தப் பாட்டியின் முகவரி தெரிந்தால் 15999-க்கு நீங்களே சொல்லலாம், அண்ணா. உறவினராக இருக்க வேண்டியதில்லை. எனக்கு வருகிற வீடுகளில் பாதி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னவைதான்.

ராஜா_காஜாங்
செவ்வாய், காலை 8:20

எங்கள் வரிசையில் ஒருவர் இருக்கிறார். சரி, இன்றைக்குச் சொல்கிறேன்.

தாத்தா1949
செவ்வாய், காலை 9:05

கலா, சாவி யாரிடம்?

கலா_செந்தூல்
செவ்வாய், மதியம் 12:40

ஆன்ட்டியிடம் ஒன்று. கோயில் சிநேகிதி ஒருவர் ஐந்தாவது மாடியில் இருக்கிறாராம், அவரிடம் ஒன்று. அவர் இருப்பதே எனக்கு இதுவரை தெரியாது. என்னிடமும் ஒன்று கேட்டேன். "நீ கோலாலம்பூரிலிருந்து வந்து திறப்பதற்குள் நானே எழுந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

தினமும் காலையில் போன் பண்ணுகிறேன் என்றதற்கும் மறுப்பு. ஆன்ட்டியும் அவரும் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்களாம். காலை எட்டு மணிக்குள் அம்மா சிவப்புச் செருப்பைக் கிரில்லுக்கு வெளியே எடுத்து வைப்பார். செருப்பு வெளியே இல்லையென்றால் ஆன்ட்டி சாவியோடு வருவார். இன்று எட்டேகாலுக்கு ஆன்ட்டி எனக்கு ஒரு படம் அனுப்பினார். சிவப்புச் செருப்பு, பக்கத்தில் பாசார் பை.